தளி, அஞ்செட்டி ஓடைகளில் ட்ரவுட் மீன் விட முடியுமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி தூண்டில்காரர்கள் சொல்லுங்கள்

தளிக்காரன்:
வணக்கம். போன மாதம் ஊட்டி போனபோது அவலாஞ்சியில் இருக்கும் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகத்தைப் பார்த்தேன். உடம்பெல்லாம் கரும்புள்ளி, தலையிலிருந்து வால் வரை பக்கவாட்டில் ஓர் இளஞ்சிவப்புப் பட்டை. ஓடும் தண்ணீரை எதிர்த்து வாலை லேசாக ஆட்டியபடி ஒரே இடத்தில் நிற்கின்றன. பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது.

எங்கள் தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்றார்கள். மார்கழி, தை மாதங்களில் விடிந்து வெகுநேரம் வரை பனி விலகாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மலை ஓடைகளும் உண்டு. அவற்றில் ட்ரவுட் குஞ்சு விட்டால் பிழைக்குமா? தூண்டில் போடுகிற நாலு பேர் சேர்ந்து மீன்வளத் துறைக்கு மனு கொடுக்கலாம் என்று ஓர் எண்ணம்.

ஓசூர் ரீல்:
நல்ல யோசனை. சனி, ஞாயிறு ஆனால் பெங்களூரிலிருந்து எத்தனை கார் இந்தப் பக்கம் வருகிறது! ட்ரவுட் இருந்தால் அதற்கென்றே வருவார்கள், உள்ளூர்ப் பையன்களுக்கும் வேலை கிடைக்கும். மனுவில் என் கையெழுத்தும் உண்டு.

மீன்வளம் படித்தவள்:
தளிக்காரன் அண்ணா, ஆசை புரிகிறது, ஆனால் நடக்காது. ஏன் என்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

ட்ரவுட்டுக்கு முதல் தேவை குளிர்ந்த தண்ணீர். அவலாஞ்சியில் இருப்பது வானவில் ட்ரவுட். அதற்கு 10 முதல் 16 டிகிரி வரை இருந்தால் சுகம். 20 டிகிரியைத் தாண்டினால் இரை எடுப்பது குறையும். 25-ஐ நெருங்கினால் பிழைப்பதே கஷ்டம். இங்கே டிசம்பர் மாதக் காலைக் குளிரைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது, ஏப்ரல் மாத மதியத்தைப் பார்க்க வேண்டும். வருடத்தில் பத்து மாதம் தாக்குப்பிடித்தாலும் சித்திரை வெயிலில் ஒரே வாரம் போதும், விட்டது அத்தனையும் போய்விடும். தளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர். அவலாஞ்சி 2,000 மீட்டருக்கும் மேல். அந்த ஆயிரம் மீட்டர் வித்தியாசம்தான் இதில் முக்கியம்.

அடுத்தது மூச்சு. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 15 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் சுமார் ஏழரைதான். சூட்டில் மீனின் உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை, அந்த நேரம் பார்த்துத் தண்ணீரில் குறைவாக இருக்கும். விரால், தேளி மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும். ட்ரவுட்டால் அது முடியாது.

இனப்பெருக்கம் இன்னும் சிக்கல். பெண் மீன் ஓடையின் அடியில் கிடக்கும் சரளைக் கல்லை வாலால் அடித்துப் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, மறுபடி கல்லால் மூடும். 10 டிகிரியில் அது பொரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அத்தனை நாளும் கல்லிடுக்கில் குளிர்ந்த, சுத்தமான தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் பக்க ஓடைகளில் பாதி, மாசி பிறந்தால் வெறும் மணல்.

கெலமங்கலம் தோட்டம்:
ஓடை வேண்டாம் சரி. போர்வெல் தண்ணீர் குளுகுளு என்றுதானே வருகிறது? அதைத் தொட்டியில் விட்டால்?

மீன்வளம் படித்தவள்:
கைக்குத்தான் அது குளிர்ச்சி, வெளியே வெயில் அடிப்பதால் அப்படித் தெரிகிறது. நிலத்தடி நீரின் வெப்பநிலை, அந்த ஊரின் வருடச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். நம் மாவட்டத்தில் அது ட்ரவுட்டுக்குச் சூடு. தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள். குளிரூட்டும் இயந்திரம் வைத்து, தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வளர்க்க முடியும்தான். கரண்ட் ஒரு ராத்திரி போனால் முழுத் தொட்டியும் போச்சு. அந்தப் பணத்தை என் வீட்டுக்காரர் கேட்டால் தர மாட்டேன்.

காவிரிக்கரை (பென்னாகரம்):
நீலகிரியில்கூட ட்ரவுட் சொந்த மீன் கிடையாது. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. 1900-களின் தொடக்கத்தில் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில்தான் வானவில் ட்ரவுட் அங்கே நிலைத்தது, அவலாஞ்சிப் பொரிப்பகமும் அப்போது வந்ததுதான். ஊர் ஞாபகத்தில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட ஒரு மீன் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அந்த ஓடைகளில் அதற்கு முன்னால் என்னென்ன சிறு மீன்கள் இருந்தன என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அதனால் தளிக்காரன் தம்பிக்கு நான் சொல்வது இது. ஆற்றில் என்ன மீனை விடலாம் என்பதற்கு முன்னால், ஆற்றில் என்ன மீன் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் அஞ்செட்டி மலையிலிருந்து இறங்கினால் காவிரி. அங்கே உலகத்திலேயே வேறெந்த ஆற்றுப் படுகையிலும் இல்லாத ஒரு மீன் இருக்கிறது, திமில் மஹசீர். ட்ரவுட் இரண்டு கிலோ வந்தால் போட்டோ போடுகிறார்கள். இது ஐம்பது கிலோவைத் தாண்டி வளர்ந்த மீன். 1946-ல் கபினியில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு.

சின்ன வயதில் ஒருமுறை பக்கத்தில் பார்த்திருக்கிறேன். பரிசலின் ஓரத்தில், வலையில் கிடந்தது. செதில் ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் பாதி. முதுகு கரும்பச்சை, கீழே வரவரப் பொன்நிறம், துடுப்பெல்லாம் ஆரஞ்சு. தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் மேடு தட்டியிருந்தது. தடித்த உதடு, இரண்டு ஜோடி மீசை. செவுள் மூடி திறந்து திறந்து மூடியது இன்னும் கண்ணில் இருக்கிறது.

இந்த மீனுக்கு ஒழுங்கான அறிவியல் பெயர் முடிவானதே 2018-ல்தான், டோர் ரெமாதேவி. அதே வருடம் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் அதை 'மிகவும் அழியும் ஆபத்தில்' என்ற பட்டியலில் வைத்தது. வங்கப் புலி, ஆசிய யானை இவற்றுக்குக் கொடுத்திருப்பதைவிட ஒரு படி மோசமான நிலை அது. நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அழிந்ததற்குக் காரணம் பல. மேட்டூர் அணை 1934-ல் வந்தது, மேலே கர்நாடகத்தில் அணைகள், மணல் எடுப்பு, வெடி போட்டு மீன் பிடிப்பது. அதோடு இன்னொன்றும் உண்டு, இந்த விவாதத்துக்கு அதுதான் முக்கியம். மஹசீர் குறைகிறதே என்று நல்லெண்ணத்தோடு, 1970-களிலிருந்து லோனாவாலாவில் டாடா பண்ணையில் நீலத்துடுப்பு மஹசீரைப் பொரிக்க வைத்து, அந்தக் குஞ்சுகளைக் காவிரியிலும் விட்டார்கள். அது வேறு இனம், வடக்கே கிருஷ்ணா படுகை மீன். அது பெருகியது. 1998 முதல் 2012 வரை காவிரியில் தூண்டில் போட்டவர்கள் எழுதி வைத்த கணக்கை ஆராய்ச்சியாளர்கள் அலசியபோது, நீலத்துடுப்பு ஏறிக்கொண்டே போவதும் திமில் மஹசீர் இறங்கிக்கொண்டே போவதும் தெரிந்தது. மஹசீரைக் காப்பாற்றப் போட்ட குஞ்சே காவிரியின் சொந்த மஹசீருக்கு எதிரியாகிவிட்டது.

கிருஷ்ணகிரி டேம்:
அண்ணா, மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. நீங்கள் சொல்கிற கணக்குப்படி பார்த்தால் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் படுகை மீன்கள்தானே? நம் டேமில் அரசுப் பண்ணை வைத்துக் குஞ்சு வளர்த்து விடுகிறார்கள். ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவிலிருந்து 1952-ல் வந்தது. இவை இல்லையென்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரி சந்தையில் ஏழை வீட்டுக்கு மீன் ஏது? வெளி மீன் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்வது வயிறு நிறைந்தவர் பேச்சு.

காவிரிக்கரை (பென்னாகரம்):
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏரியில், அணையில், வயிற்றுப்பாட்டுக்கு வளர்ப்பதை நான் தடுக்கச் சொல்லவில்லை. ஓடுகிற ஆற்றில், மலை ஓடையில், விளையாட்டுக்காக ஒரு வேட்டை மீனைக் கொண்டுபோய் விடுவதைத்தான் சொல்கிறேன். ஏரியில் போட்டதைக் குத்தகைக்காரர் வலை போட்டு எடுத்துவிடுவார். ஆற்றில் விட்டதைத் திரும்பக் கூப்பிட முடியாது.

மீன்வளம் படித்தவள்:
ஏரியில் விட்டதும் ஏரியிலேயே நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் கலங்கல் வழிந்தால் மீன் ஆற்றுக்கு வந்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி அப்படித்தான் பரவியது. 2000-த்திலேயே தடை செய்தும் ரகசியமாக வளர்க்கிறார்கள், கறிக்கோழிக் கழிவைப் போட்டு. அது கையில் கிடைக்கிற எதையும் தின்னும், நம் நாட்டுக் கெளுத்தி, அயிரை எல்லாவற்றையும். தூண்டிலில் மாட்டினால் தயவுசெய்து திரும்ப விடாதீர்கள். ட்ரவுட்டும் புழு, பூச்சி, சிறு மீன், தவளைக்குஞ்சு தின்கிற மீன்தான். குளிர்ந்த ஓடையில் அது நிலைத்திருந்தால் அங்கே இருக்கும் சிறிசுகள் நிலைத்திருக்காது.

பரிசல்துறை:
நான் ஓகேனக்கல் பக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பரிசல், வலை. மஹசீர் பற்றி எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

வெடியைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. மடுவில் ஒரு தோட்டாவைப் போட்டால் மேலே மிதந்து வருவது கொஞ்சம்தான். காற்றுப்பை வெடித்துப் பாதிக்கு மேல் அடியில் போய் நின்றுவிடும், எடுக்கவும் முடியாது. குஞ்சு, முட்டை எல்லாம் சேர்ந்து போகும். ஐந்து கிலோ மீனுக்காக ஒரு மடுவின் பல வருட மீனை அழிக்கிறார்கள். 1897-ஆம் வருடச் சட்டத்திலேயே வெடியும் விஷமும் குற்றம். நூற்று இருபது வருஷத்துக்கு மேலாகியும் சத்தம் கேட்கிறது. வலை வைத்துப் பிழைக்கிறவன் இதைச் செய்ய மாட்டான், நாளைக்கும் அவனுக்கு ஆற்றில் வேலை இருக்கிறது. ஆற்றோடு சம்பந்தமில்லாமல் ராத்திரி பைக்கில் வந்து போகிறவர்கள்தான்.

கடையில் 'ஆற்று மீன்' என்று பொரித்துத் தருவதில் பெரும்பகுதி இப்போது ஜிலேபியும் கட்லாவும் ரோகுவும். வாளை, ஆரால் வந்தால் அன்றைக்கு விசேஷம்.

ஓசூர் ரீல்:
அப்படியானால் மஹசீரையே தூண்டில் சுற்றுலாவாக வைக்கலாமே? எதிர்க்கரையில் பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமக்கலி முகாம்களில் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடுகிற முறையில் வெளிநாட்டவர்கள் வந்து போட்டார்கள். முன்பு திருட்டுத்தனமாகப் பிடித்தவர்களையே வழிகாட்டிகளாகச் சம்பளத்துக்கு வைத்தார்கள். காவல் இருந்ததால் வெடி குறைந்தது. பிறகு காப்புக் காட்டுக்குள் தூண்டிலே கூடாது என்று நின்றுபோனது. காவிரிக்கரை அண்ணா சொன்ன அந்த 1998 முதல் 2012 வரையிலான கணக்கே தூண்டில்காரர்கள் எழுதியதுதானே? அவர்கள் இல்லையென்றால் திமில் மஹசீர் குறைந்ததே உலகத்துக்குத் தெரிந்திருக்காது.

காவிரிக்கரை (பென்னாகரம்):
அந்தக் கடைசி வரியை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் பக்கம் சட்டம் தெளிவு. 2014-ல் காவிரி வடக்கு சரணாலயம், 2022-ல் காவிரி தெற்கு சரணாலயம், இரண்டும் கிருஷ்ணகிரி, தர்மபுரி காடுகளைச் சேர்த்தவை. உள்ளே தூண்டில் எடுத்துப் போவதே குற்றம். யானை, முதலை, நீர்நாய் எல்லாம் இருக்கிற ஆறு அது. மேலே கபினியிலோ கிருஷ்ணராஜ சாகரிலோ திறந்துவிட்டால் பாறை மேல் நிற்கிறவனுக்குத் தகவல் வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும். பிடித்துத் திரும்ப விடுகிற முறை அங்கே வரலாமா என்பது வனத்துறையும் ஆராய்ச்சியாளர்களும் மீனவர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. வரும்வரை நாம் கையை வைக்கக் கூடாது.

பரிசல்துறை:
மீனவர்களும் சேர்ந்து என்று சொன்னீர்களே அண்ணா, அதுதான் எனக்கு வேண்டும். சரணாலயம் என்று அறிவிக்கும்போதும் எங்களைக் கேட்கவில்லை, முகாம் வந்தாலும் கேட்காமல் வந்தால் எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். மடு எங்கே, மீன் எந்த மாதம் மேலே ஏறும், எந்தப் பாறை இடுக்கில் தங்கும் என்பது எங்கள் பெரியவர்களுக்கு மனப்பாடம். அவர்களை உட்கார வைத்துக் கேட்டு யாராவது எழுதினால் நல்லது. இரண்டு பேர்தான் மிச்சம் இருக்கிறார்கள்.

மீன்வளம் படித்தவள்:
பரிசல்துறை அண்ணா, எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். நான் வருகிறேன், பதிவு செய்யும் கருவியோடு.

கெலவரப்பள்ளி:
நீங்கள் எல்லோரும் காவிரியைப் பற்றிப் பேசுகிறீர்கள். தென்பெண்ணையைப் பற்றியும் நாலு வார்த்தை. நந்தி மலையில் பிறக்கும்போது நல்ல தண்ணீர்தான். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நிரம்புகிற சாக்கடை இதில் கலந்து எங்கள் அணைக்கு வருகிறது. மதகு திறந்தால் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை. துணி சோப்பும் ஆலைக் கழிவும் கலந்த நுரை அது, காற்றடித்தால் ரோட்டுக்கும் வயலுக்கும் பறந்து வரும். மீன் செத்து மிதப்பதையும் பார்க்கிறோம்.

ஏன் விடியற்காலையில் சாகிறது என்று மீன்வளம் படித்த தங்கச்சி விளக்கினால் நல்லது. சாயங்காலம் துள்ளிக்கொண்டிருக்கும், காலையில் போனால் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும்.

மீன்வளம் படித்தவள்:
பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் தருகிறது. ராத்திரி அதுவும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கிறது, சாக்கடைக் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் இழுக்கிறது. சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் அளவு மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அறிகுறி. மேலே ஆகாயத்தாமரை மூடியிருந்தால் காற்றிலிருந்து கரைவதும் நின்றுவிடும். மனு எழுதுவதென்றால் இதற்கு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

தளிக்காரன்:
இவ்வளவு பேர் எழுதியதற்கு நன்றி. ட்ரவுட் மனுவை விட்டுவிட்டேன், கெலவரப்பள்ளி மனுவை எடுத்துக்கொள்கிறேன். வாசகம் எழுதி இங்கேயே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள். அதுவரை, சட்டத்துக்கு உட்பட்டு இந்த இரண்டு மாவட்டத்தில் எங்கே தூண்டில் போடலாம்? என்னிடம் ஒரு ஸ்பின்னிங் ராடும் ரீலும் இருக்கின்றன, ட்ரவுட்டுக்கென்று வாங்கிய சின்ன ஸ்பின்னர்களும் (தண்ணீரில் சுழலும் தகட்டுப் போலி இரை).

பாரூர் ஏரிக்கரை:
தம்பி, எங்கள் பாரூர் பெரிய ஏரிக்கு வா. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. கிருஷ்ணகிரி அணை, பஞ்சப்பள்ளி சின்னாறு அணை, வாணியாறு, தும்பல அள்ளி என்று நிறைய நீர்நிலைகள் இருக்கின்றன. எங்கே போனாலும் முதலில் மீனவர் சங்கத்துக்காரரையோ குத்தகைக்காரரையோ பார்த்துக் கேட்டுவிட்டு உட்கார வேண்டும். பணம் கட்டி மீன் விட்டவர்கள் அவர்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், கேட்காமல் உட்கார்ந்தால் சண்டைதான்.

இரை பற்றிச் சொல்கிறேன். ரோகு, மிர்காலுக்கு நம் ஊர் ராகியே போதும். மாவைக் களியாகக் கிண்டி, ஆறியதும் கடலைப் பிண்ணாக்குப் பொடி சேர்த்து விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைய வேண்டும். இளகலாக இருந்தால் சின்ன மீன்கள் கொத்திக் கொத்திக் கரைத்துவிடும். கல்போல் இருந்தால் மீன் வாயில் வைத்துத் துப்பிவிடும். நெல்லிக்காய் அளவு உருட்டித் தூண்டில் முள் மறையும்படி வை. உட்காரும் இடத்தில் முன்கூட்டியே கொஞ்சம் தவிடும் பிண்ணாக்கும் கலந்து வீசி வை. ரோகு கடித்தால் தக்கை உடனே முங்காது. முதலில் லேசாக ஆடும், சாயும், பிறகு ஒரே சீராகப் பக்கவாட்டில் நகரும். நகரும்போது இழு. ஆடும்போதே இழுத்தால் வெறும் முள்தான் வரும்.

உன் ஸ்பின்னரை வீசாதே என்று சொல்ல மாட்டேன். காலையிலும் சாயங்காலமும் கோரைப்புல் ஓரமாக வீசினால் விரால் பாயும். ஆனால் குஞ்சுகளோடு இருக்கும் விராலைத் தொடக் கூடாது. செம்மண் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளித்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை.

கிருஷ்ணகிரி டேம்:
அக்கா சொன்னதோடு ஒன்று. சினை மீனையும் சின்ன மீனையும் திரும்ப விடுங்கள். விடும்போது கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழுவழுப்பு உரிந்து புண்ணாகிவிடும். செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கி போட்டோ எடுத்துவிட்டு 'விட்டுவிட்டேன்' என்று சொல்வதில் பயனில்லை, அது அரைமணி நேரத்தில் செத்துவிடும். முள்ளின் பின்பல்லைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம். அறுந்த தங்கூஸைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அதில் கால் மாட்டிக்கொண்ட கொக்கை நான் அறுத்து விட்டிருக்கிறேன்.

தளிக்காரன்:
அக்கா, வருகிற ஞாயிறு வரலாமா? முள் என்ன அளவு எடுத்து வரட்டும்?

பாரூர் ஏரிக்கரை:
வா. ராகி உருண்டைக்கு 4-ஆம் எண் முள் போதும், 6-ம் ரெண்டு வைத்துக்கொள். சங்கத்துக்காரரிடம் சனிக்கிழமையே சொல்லிவைக்கிறேன். வெயிலுக்கு முன்னால், ஆறு மணிக்கெல்லாம் கரையில் இருக்க வேண்டும்.